ஓடைப் பக்கத்துக் கேட்

ஆர்லிஸ் டன்னுக்கு வாழ்நாளில் சொந்தமாக ஒரு கேட் இருந்ததில்லை. ஆனால் கால்டர் வட்டாரத்தில் அவர் கை படாத கேட்டும் கிடையாது. இரும்புக் குழாய் கேட், மரக் கேட், முள்கம்பியையும் நாலு குச்சியையும் வைத்துக் கட்டி, தோளைக் கொடுத்து நெருக்கினால்தான் மாட்டுகிற ஏழைக் கேட் என்று எல்லாமே அவருக்குப் பழக்கம். அப்பா டாம்லின் பண்ணையில் கூலிக்கு மாடு பார்த்தவர். அந்தப் பண்ணையின் வேலைக்காரர் வீட்டில்தான் ஆர்லிஸ் பிறந்தார். எழுத்துக் கற்பதற்கு முன்பே கேட் திறக்கக் கற்றார். வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கித் திறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது தெரியாமல் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறவனைக் கண்டாலே வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடலாம்.

கேட் விஷயத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த பல சட்டங்களைவிட எங்கள் ஆட்கள் அதற்குத்தான் அதிகம் கட்டுப்படுவார்கள். திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடியே விட வேண்டும். மூடியிருந்ததைத் திறந்து நுழைந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். திறந்து வைத்தவருக்கு ஏதோ காரணம் இருக்கும். மாடு தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும். நீங்கள் கெட்டிக்காரத்தனம் காட்டுவதாக நினைத்து அதை மூடிவிட்டுப் போனால், அந்தப் பக்கம் ஒரு மந்தையே தாகத்தில் செத்துப்போகும். யார் திறந்தது, ஏன் திறந்தது என்று விசாரிக்கவும் கூடாது. ஒரு மனிதரிடம் போய் அவருடைய கேட்டைப் பற்றி விசாரிப்பது, உனக்கு உன் வேலை தெரியுமா என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல. ஆர்லிஸின் அப்பா அப்படி விசாரித்த ஒருவரோடு சாகும்வரை பேசவில்லை.

ஆர்லிஸ் இந்த மண்ணில் அப்படி வளர்ந்தவர். இளவட்டமாக இருந்தபோது ரோடியோ என்கிற மாட்டு விளையாட்டில் காளை ஏறப் போய் இடது தோளைக் கெடுத்துக்கொண்டு வந்தார். லடான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவள் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அமரில்லோ நகரத்துக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டோடு பேசியதில் பாதியாவது அந்த மனுஷன் அவளோடு பேசியிருக்க வேண்டும். பிள்ளைகள் இல்லை.

அப்போதெல்லாம் ஃபோர்ட் வொர்த் நகரம் தெற்கே, மாடு விற்கப் போகிற தூரத்தில் இருந்தது. பிறகு நகரமே கிளம்பி எங்களை நோக்கி வந்தது. முதலில் நாலு வழிச் சாலை வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வீடுகள் வந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வாசலில் ஆளுக்கொரு குச்சி மரம். அந்தத் தெருக்களுக்கு வைத்த பெயர்களை நினைத்தால்தான் எரிச்சல் வரும். மேய்ச்சல் தெருவாம், லாடத் தெருவாம், கன்றுக்குட்டிச் சந்தாம். எதை அழித்தார்களோ அதன் பெயரை வைத்துவிட்டால் பாவம் கழிந்துவிடும் போலிருக்கிறது. வளர்ச்சி என்றார்கள். வயிறு வீங்குவதும் ஒரு வகையில் வளர்ச்சிதான்.

ஆர்லிஸுக்குக் கூட்டாளி என்று இருந்தது ஹாய்ட் மட்டும்தான். கடைத்தெருவில் தீவனக் கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பிறகு அது காபிக்கடை ஆயிற்று. பழைய தீவனக் கடைப் பெயர்ப்பலகையை மட்டும் அழகுக்காகச் சுவரில் விட்டு வைத்திருந்தார்கள். ஹாய்ட் தன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து காபி குடிப்பார்.

"நான் தவிடு வித்த எடத்துல இப்ப ஓட்ஸ்ல பால் எடுத்து விக்கிறானுங்கடா."

"அதுவும் தீவனம்தானே?" என்றார் ஆர்லிஸ்.

"தீவனம்தான். மாடு வாய வைக்காது, அவ்ளோதான் வித்தியாசம்."

பண்ணை முதலாளி பெரிய டாம்லின் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் மாடுகளை விற்று, அதுவரை அங்கேயே மாடு பார்த்த ஆர்லிஸின் கையைக் குலுக்கி அனுப்பி வைத்தார்கள். போக்கிடம் இல்லாமல் நின்றவருக்குப் பக்கத்து நிலத்துக்காரியான நெல்டா ஹாஃப்மன்தான் இடம் கொடுத்தார். கணவரை இழந்தவர், ஆர்லிஸைவிட மூத்தவர். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மூத்த பெண்களை எங்கள் ஊரில் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவோம். மிஸ் நெல்டா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பின்னாடி வீடு சும்மாதான் கெடக்கு, வந்து இரு. உன் மாட்ட என் மாட்டோட விடு. ரெண்டையும் சேத்துப் பாத்துக்க. அவ்ளோதான் பேச்சு."

"சரிங்கம்மா."

பேச்சு உண்மையிலேயே அவ்வளவுதான். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. கூலிக்குப் பதிலாக ஒன்றிரண்டாகச் சேர்த்த ஆர்லிஸின் கறுப்பு மாடுகள் மிஸ் நெல்டாவின் நிலத்தில் மேய்ந்து பெருகின. ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனிதருக்கு முதல்முறையாக இது என்னுடையது என்று சொல்ல ஏதோ இருந்தது.

மிஸ் நெல்டாவின் மகன் கர்ட் டாலஸில் வக்கீல். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, நிலத்தை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்பான். ஆர்லிஸ் சமையலறையில் உட்கார்ந்து பீச் பழ இனிப்பைச் சாப்பிட்டபடி இந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"நான் செத்த பெறகு நீ இங்க ஏர்போர்ட்டே கட்டிக்கடா. மூச்சு இருக்கிற வரைக்கும் இங்க மாடுதான் நிக்கும்." போனை வைத்துவிட்டு ஆர்லிஸைப் பார்த்து, "நீ என்ன பேயறைஞ்ச மாதிரி பாக்குற? ஆறிப் போகுது, தின்னு" என்பார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் ஆர்லிஸின் வீடு, மாடு, காலையில் எழுந்திருப்பதற்கான காரணம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும், மிஸ் நெல்டாவுக்கும் தெரியும்.

ஒரு வருடம் வசந்தத்தில் டாம்லின் நிலம் ஒரு வீடு கட்டும் கம்பெனிக்குப் போயிற்று. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. புல் முளைத்தது, காய்ந்தது. ஜூனில் பெய்ய வேண்டிய மழை பொய்த்து, ஆகஸ்டில் மிஸ் நெல்டாவின் குட்டை சேறாகி, சேறும் வெடித்துவிட்டது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் விட்டு மாடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் ஆர்லிஸ். டாம்லின் நிலத்தில் ஓர் ஓடை உண்டு. எந்த வறட்சியிலும் அதன் மடுவில் தண்ணீர் நிற்கும். அந்தக் காலத்திலிருந்தே, வறட்சி வந்தால் ஹாஃப்மன் வீட்டார் இரண்டு நிலத்துக்கும் நடுவில் உள்ள ஓடைப் பக்கத்துக் கேட்டைத் திறந்துவிடுவார்கள், மாடு போய்க் குடித்துவிட்டு வரும். அது இரண்டு குடும்பத்துக்கும் இருந்த புரிதல்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆர்லிஸ் பிக்கப் வண்டியில் வேலியைச் சுற்றி வந்தபோது, ஓடைப் பக்கத்துக் கேட் திறந்திருந்தது. பாதி திறந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் அது யாரோ மறந்துபோனது என்று அர்த்தம். இது அப்படி இல்லை. முழுக்கத் திறந்து, வேலியோடு சாய்த்து, கம்பியால் கட்டியிருந்தது. கட்டியிருந்தால் அது யோசித்துச் செய்தது. மிஸ் நெல்டா மனசு கேட்காமல் மாடுகளை ஓடைக்கு விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இப்போது அது கம்பெனி நிலம்தான். ஆனாலும் அவர் அதையெல்லாம் பார்க்கிற ஆளா? ஆர்லிஸுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சட்டைப் பையில் செல்போன் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று பேசுவது? கேட்டைத் திறந்தது நீங்கள்தானா என்றா? எழுபத்தைந்து வயதுப் பெண்மணியிடம், அவர் மணமாகி வந்த நாளிலிருந்து திறந்து மூடுகிற கேட்டைப் பற்றியா? ஆர்லிஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனி அனுப்பிய நில அளவை ஆட்கள்தான் முந்தின நாள் அந்தக் கேட்டைத் திறந்து, வண்டி போக வர வசதியாகக் கட்டி வைத்திருந்தார்கள். டாம்லின் நிலத்தின் மறுபக்கம், மேட்டுக்கு அப்பால், சாலையை ஒட்டிய வேலியையும் அதே நாள் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கேட்டின் அருகே நின்று பார்த்தால் அது தெரியாது.

சாயங்காலம் ஆர்லிஸ் மொச்சை சுட வைத்துக்கொண்டிருந்தபோது சைரன் சத்தம் கேட்டது. அந்தச் சாலையில் சைரன் ஒன்றும் புதிதில்லை. தட்டில் போட்டு உட்காரும்போது போன் வந்தது. ஷெரிஃப் ஆபீசில் வேலை பார்க்கும் தெரிந்த பையன் பேசினான்.

"மிஸ்டர் டன், உங்க மாடுங்க ரோட்டுல நிக்குதுங்க. கொஞ்சம் சீக்கிரம் வாங்க." சற்று நிறுத்திவிட்டு, "கார் ஒண்ணு மோதிருச்சு" என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கறுப்புத் தார் சாலையில் கறுப்பு மாடு நின்றால் கண்ணுக்குத் தெரியாது. காரை ஓட்டி வந்தவன் டெவின் ப்ரூவர் என்ற இளைஞன், லாடத் தெருவுக்குக் குடி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். ஆர்லிஸ் போய்ச் சேர்ந்தபோது அவனைத் துணியால் மூடியிருந்தார்கள். காருக்கு முன்னால் கிடந்த மாட்டின் இடுப்பில் ஆர்லிஸின் சூட்டுக்குறி இருந்தது. மிச்ச மாடுகள் சாலையோரம் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. அவர் தீவனக் கட்டியை வாளியில் போட்டுக் குலுக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாடுகள் நல்ல பிள்ளைகளாக வரிசை கட்டி, நொறுங்கிய காரையும் சுழலும் விளக்குகளையும் தாண்டி, அவர் பின்னாலேயே நடந்து வந்தன. அந்த நடையைப் போலக் கொடுமையானது தன் வாழ்வில் வேறு இல்லை என்று பின்னால் ஹாய்டிடம் சொல்லியிருக்கிறார்.

அடக்கத்துக்கு ஆர்லிஸ் போனார். போக வேண்டாம், அடித்தாலும் அடிப்பார்கள் என்று ஹாய்ட் தடுத்தார். அடிக்கட்டும் என்று நல்ல தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். யாரும் அடிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. டெவினின் மனைவிக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. வரிசையில் வந்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. டெவின உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"பக்கத்துலதாம்மா இருக்கேன்."

"பக்கத்துலயா? அவருக்கு இந்த எடம்னா உசுரு. ஜன்னலத் தெறந்தா மாடு தெரியணும்னுதான் இந்த வீட்டையே புடிச்சாரு. தினமும் பொண்ணத் தூக்கிட்டுப் போயி வேலிகிட்ட நின்னு காட்டுவாரு."

ஆர்லிஸ் தலையாட்டினார். பின்னால் நின்றவர்கள் நகர்ந்ததால் அவரும் நகர்ந்தார்.

அளவை ஆட்களின் தவறு என்று ஊர் பேசிக்கொண்டது. நாங்கள் போகும்போதே கேட் திறந்துதான் இருந்தது என்று அவர்கள் சாதித்தார்கள். ஷெரிஃப் ஆபீஸ் ஆர்லிஸைக் குற்றம் சொல்லவில்லை. வேறு யாராவதாக இருந்தால் அந்த மட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆர்லிஸால் ஒரு வாரம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. பிறகு சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். மிஸ் நெல்டா மேஜையில் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து ஆர்லிஸ் பார்த்ததே இல்லை.

"மிஸ் நெல்டா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உக்காந்து சொல்லு."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அன்னைக்குக் காலையிலயே அந்தக் கேட்டு தெறந்து கெடந்தத பாத்தேன். கட்டி வச்சிருந்துச்சு. நீங்கதான் தண்ணிக்கு விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

மிஸ் நெல்டா எதிர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"நானும் பாத்தேன்" என்றார்.

ஆர்லிஸுக்குப் புரியவில்லை.

"மத்தியானம் தபால் எடுக்கப் போறப்ப பாத்தேன். நீதான் தெறந்து விட்டிருக்கேன்னு நெனச்சேன். பரவால்லையே, கம்பெனிக்காரன் எடம்னு பயப்படாம வுட்டிருக்கானேன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன் வேற." அவர் ஆர்லிஸை நிமிர்ந்து பார்த்தார். "உன்ன போன்ல கூப்புடலாம்னு தோணுச்சு ஆர்லிஸ். சத்தியமா தோணுச்சு. இத்தன வருஷம் மாடு பாத்தவன்கிட்ட போயி இத எப்படிக் கேக்குறதுன்னு வுட்டுட்டேன்."

ஆர்லிஸ் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் வைத்திருந்த மரியாதைதான் அந்தப் பையனைக் கொன்றது. யாராவது ஒருவர் கொஞ்சம் மட்டு மரியாதை இல்லாதவராக இருந்திருந்தால் அவன் இந்நேரம் மகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்றிருப்பான். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அழுதார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஸ் நெல்டா சொன்னார்: "ஞாயித்துக்கெழம கர்ட்டு கூப்புடுவான். சரின்னு சொல்லப் போறேன்."

இந்தச் சொல் வரும் என்று தெரிந்துதான் ஆர்லிஸ் அந்தப் படி ஏறினார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வராமலே போயிருக்குமோ என்னவோ.

"சரிங்கம்மா."

"உன்ன ஏமாத்திட்டேன். மூச்சிருக்கிற வரைக்கும்னு சொன்னேன்."

"அப்படியெல்லாம் இல்லைங்கம்மா."

"ஒவ்வொரு கேட்டையும் பாக்குறப்ப அந்தப் பையன்தான் நிக்கிறான். என்னால முடியல."

அக்டோபரில் மாடுகளை ஏலத்துக்கு ஏற்றினார்கள். ஹாய்ட் கூடப் போனார். வழியெல்லாம் வாய் ஓயாமல் பழைய கேலிகளைப் பேசிப் பார்த்தார். ஏலக் கொட்டகையின் பக்கவாட்டுக் கேட் திறந்து கறுப்பு மாடுகள் உள்ளே வந்து, சுற்றி நின்று, வாளியைத் தேடுவதுபோல் தலையைத் தூக்கியபோது ஹாய்டும் வாயை மூடிக்கொண்டார். மிஸ் நெல்டா மகனுடைய வீட்டு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆர்லிஸும் அவரும் மாதம் ஒருமுறை போனில் பேசுவார்கள். அங்கே மழையா, இங்கே மழையா என்பதோடு முடிந்துவிடும். நிலத்தில் இப்போது வீடுகள் எழும்பிவிட்டன. அந்தக் குடியிருப்புக்கு 'ஹாஃப்மன் மேய்ச்சல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆர்லிஸ் பெரிய மளிகைக் கடைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடி போனார். மேல்தளத்தில் ஓர் அறை. விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வார், விழித்து என்ன செய்வது என்று தெரியாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கட்டடத்தின் நடுவில் நீச்சல் குளம் உண்டு, சுற்றிலும் இரும்பு வேலி. தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வைத்த கேட்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை அவர் படி இறங்கி வந்தபோது அந்தக் கேட் திறந்திருந்தது. முழுக்கத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். குளத்தில் யாரும் இல்லை. வாசலில் இரண்டு பொடிசுகள் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தன. ஆர்லிஸின் கை செங்கல்லை எடுக்கப் போயிற்று, பாதியில் நின்றுவிட்டது. மறுபடி போயிற்று, மறுபடி நின்றது.

பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினார்.

முதல் வீட்டுப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "எந்தக் கேட்டு?" என்றான்.

"குளத்துக் கேட்டு. நீங்களா தெறந்து வச்சீங்க?"

"நான் இல்லைங்க. எனக்கு நீச்சலே தெரியாது." கதவைச் சாத்தும்போது உள்ளே யாரிடமோ, "மாடி வீட்டுத் தாத்தா, பாவம், ஒரு மாதிரி ஆயிட்டாரு" என்று சொன்னது இவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று அடுத்த கதவைத் தட்டினார். அங்கே யாரும் இல்லை. அதற்கடுத்த கதவைத் திறந்த பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பின்னால் அறை முழுக்கப் பலூன்.

"ஆமா சார், நாங்கதான். பர்த்டே பார்ட்டி, சேரெல்லாம் உள்ள கொண்டு போகணும். அது அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே விட்டுடணுமா?"

"ஆமா சார்" என்று அவள் கனிவாகச் சொன்னாள். "அப்படியே விட்டுடுங்க."

ஆர்லிஸ் திரும்பி வந்து, கேட்டின் நடுவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் உச்சியில் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டார் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒதுங்கி வழி விட்டார், அவர்கள் போனதும் மறுபடி நடுவில் வந்து நின்றார். சைக்கிள் பொடிசுகளில் ஒன்று அருகில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"எதுக்கு சார் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து நெழல்ல உக்காருங்க" என்றாள் அவள்.

"பரவால்லம்மா. நீங்க கொண்டு போங்க. நான் நிக்கிறேன்."

கடைசி நாற்காலி உள்ளே போனதும் செங்கல்லைக் காலால் தள்ளிக் கேட்டை மூடினார். இழுத்துப் பார்த்தார். நன்றாக மூடியிருந்தது. மேலே அறைக்குப் போக மனம் வரவில்லை. பார்ட்டி முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.